துணைத் தலைவருக்கு ஒரு பொன்னாடை

தலைவராக யார் வேண்டுமானாலும் இருந்துவிடலாம். துணைத் தலைவராக இருப்பதற்குத்தான் தவம் செய்திருக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூரில் எங்கள் சிறுநகரம் செய்த பாக்கியம், மாவட்டப் போலீஸ் துணைத் தலைவராக ரூபேந்திரன் வாய்த்தார். தலைவர் வராத விழாக்களுக்கெல்லாம் அவர்தான் 'பிரதிநிதி'. இந்தியர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நானே அவருக்குப் பல பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறேன். கையில் துணியோடு யார் எதிரே வந்தாலும் அவர் கழுத்து தானாகக் குனியும்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கஸ்தூரி தொந்தரவு செய்தாள். சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போகிறவள். மோட்டாரைத் திருடியவர்கள் மேலுறையை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள்.

"சார், சந்தைக்குப் பின்னால உள்ள ஒர்க்‌ஷாப்ல நிக்குது. நானே பார்த்தேன். கண்ணாடிய கழட்டிட்டாங்க. ஒரு ஆள அனுப்புங்க லா."

"தலைவர் உத்தரவு போடணும்மா. அவரு ஜொகூர் பாருல மீட்டிங்ல இருக்காரு."

"அலமாக்! அவரு இல்லாதப்ப நீங்கதானே தலைவர்?"

"ஆமா. அவரு இடத்துல உக்காந்து, அவருக்காகக் காத்திருப்பேன்."

நிர்வாக நுட்பம் அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் தலைவர் திரும்பினார். "தலைவர் இருக்கும்போது நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்தலாமாம்மா?" என்றார் துணைத் தலைவர். தலைவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் துணைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் சக்கரங்களும் போய்விட்டன. திங்கட்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தில் 'குற்றத் தடுப்பு விழா'. ரூபேந்திரன் குத்துவிளக்கேற்றி, "பொதுமக்கள் தகவல் கொடுத்தால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்!" என்று முழங்கினார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

கஸ்தூரி மோட்டார் மேலுறையோடு மேடையேறினாள். துணைத் தலைவர் வழக்கம்போல் கழுத்தைத் தாழ்த்தி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவள் நிதானமாக உறையை விரித்து, தலையிலிருந்து தொப்பை வரை இழுத்துவிட்டாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"என் மோட்டார்தான் போயிடுச்சு. இந்த சார் எங்கயும் நகர மாட்டாரு. தூசி படாம இருக்கட்டும்."

நான் பதறிப்போய், "சார், எடுத்துடவா?" என்றேன்.

"அவசரப்படாதீங்க," என்றது உறைக்குள்ளிருந்து குரல். "தலைவர ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

திங்கட்கிழமை கஸ்தூரிக்கு வேலை போய்விட்டது. துணைத் தலைவரின் வேலை மட்டும் புத்தம் புதிதாக அப்படியே இருக்கிறது. அவர் அதைத் தொட்டதே இல்லை.