எடைக் குறைப்புக் குழுவின் முதல் விதி

மனித நாகரிகம் இதுநாள்வரை தப்பான திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் சாமான், வண்டியில் வசதி, உடம்பில் சதை என்று எல்லாரும் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். முன்னேற்றம் என்பது சேர்ப்பதில் இல்லை, கழற்றுவதில்தான் இருக்கிறது என்ற பேருண்மை, இண்டியானா மாநிலத்து மட்லிக் என்ற சிற்றூரில், ஏப்ரல் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெர்லின் ஸ்ட்ரங்க்கின் மூளையில் உதித்தது. அப்போது அவர் கையில் ஒரு ஸ்பேனரும் இருந்தது உலகத்தின் அதிர்ஷ்டம்.

வெர்லினுக்கு ஐம்பத்து நான்கு வயது. தானிய ஆலையில் மேற்பார்வையாளர். ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்லிக் கால் மைல் தடத்தில் கார் ஓட்டுகிற வீரர். நேரான தடம், விளக்கு பச்சையானதும் கிளம்ப வேண்டும், கோடு வந்ததும் நிறுத்த வேண்டும். இதை இருபத்திரண்டு கோடைகாலமாகச் செய்து வருகிறார். கோப்பை எதுவும் இதுவரை அவர் வீட்டுக்கு வழி கேட்டு வரவில்லை.

அந்த இருபத்திரண்டு கோடையும் அவர் மனைவி நாடீன் அதே காரில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் தடத்துக்கு வந்தாள். மடியில் சாண்ட்விச் பொட்டலம், கையில் அவர் ஓட்டிய நேரங்களைக் குறிக்கிற நோட்டு. வாரம் முழுக்க அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் பேருந்து திரும்புவதைப் பார்த்து ஊரில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஒழுங்கு வேகத்துக்குப் பகை என்பது வெர்லினின் கருத்து.

இந்த வருடத்து 'நிதி ஒதுக்கீடு' முந்நூறு டாலர் என்று நாடீன் அறிவித்திருந்தாள். முதல் நாளே பின் சக்கரங்களுக்குப் பழைய பந்தய டயர் இரண்டு வாங்கியதில் ஒதுக்கீடு ஒழுங்காகத் தீர்ந்தது. எஞ்சினைத் தொட வழியில்லை. கியரைத் தொட வழியில்லை. கடன் கேட்க முகமில்லை. தீவனக் கடை வைத்திருக்கும் நண்பர் ஹார்லன் அப்போதுதான் அந்த வாசகத்தைச் சொன்னார்.

"நூறு பவுண்டு குறைஞ்சா பத்துல ஒரு பங்கு வினாடி மிச்சம்டா. கழட்டறதுக்கு எவனும் காசு கேக்க மாட்டான்."

அன்றே 'எடைக் குறைப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் வெர்லின். செயலாளர் ஹார்லன். மூன்றாவது உறுப்பினர் ஹார்லன் கடைத் தராசு. குழுவில் உண்மை பேசியது அது ஒன்றுதான். முதல் விதி ஷெட் சுவரில் கறுப்பு மையில் எழுதப்பட்டது: 'ஓட்டத்துக்கு உதவாத எடை வண்டியில் இருக்கக் கூடாது.' இரண்டாவது விதிக்குத் தேவை ஏற்படவில்லை.

பின் இருக்கை போயிற்று. ரேடியோ, தரை விரிப்பு, உபரிச் சக்கரம், ஜாக்கி, ஹீட்டர், கதவின் உள்பலகை எல்லாம் போயின. மழை துடைக்கும் வைப்பர், வெயிலடிக்கும் நாளில் சோம்பேறியாக உட்கார்ந்து சவாரி செய்கிறது என்று கண்டறியப்பட்டு வெளியேற்றப்பட்டது. சாம்பல் கிண்ணம் ஆறு அவுன்ஸ். அதன்மேல் விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது, இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று பீர் குடித்தார்கள், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒருமுறை ஹார்லன், ஓட்டுநரையும் தராசில் ஏற்றிப் பார்த்துவிடலாமே என்று தயங்கித் தயங்கி முன்மொழிந்தார். அது குழுவின் அதிகார வரம்புக்குள் வராது என்று தலைவர் தீர்ப்பளித்துவிட்டு, பொரித்த பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார்.

நாடீன் ஒரு திங்கட்கிழமை பேருந்தை விட்டுவிட்டு வந்து கார்க் கதவைத் திறந்தாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் வெறும் தகரம் தெரிந்தது.

"என் சீட் எங்க?"

வெர்லின் சுவரைக் காட்டினார். "முதல் விதியப் படி."

நாடீன் படித்தாள். நிதானமாகப் படித்தாள். அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சங்கடமாகி, நாற்பத்தோரு பவுண்டும்மா, தராசு சொன்னது, எனக்கா ஆசை என்று விளக்கம் கொடுத்தார்.

"உன் பக்கத்துல உக்காந்து வர்றதுதான் எனக்கு ஞாயித்துக்கெழம. கார்ப் பந்தயம் பாக்கவா நான் வர்றேன்?" என்றாள் அவள்.

கோப்பை ஒன்று வீட்டுக்கு வரட்டும், மறுநாளே சீட்டை மாட்டிவிடுகிறேன் என்று வெர்லின் வாக்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடக் கணக்கைத் தன் கையாலேயே எழுதியவளுக்கு அந்த வாக்கின் எடை தெரியாமல் இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வெர்லின் காரில் முன்னால் போவார். நாடீன் குடும்ப வேனில் பின்னால் வருவாள். வழியில் டயர் வெடித்தால் உபரிச் சக்கரம் வேண்டும், ஜாக்கி வேண்டும். மழை வந்தால் வைப்பர் வேண்டும். ஆகவே காரிலிருந்து கழற்றியதெல்லாம் வேனில் வந்தது. எதிலும் குறை வைக்க வேண்டாமென்று நாடீனின் சீட்டும் அதன்மேல் மல்லாந்து வந்தது. காரின் எடை குறைந்தது. குடும்பத்தின் எடை அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் முடிவதற்குள் கார் கால் மைலைப் பதினான்கு வினாடியிலிருந்து பதின்மூன்று புள்ளி நாற்பதுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் இம்மியும் நகரவில்லை. அந்த வாரம் நாடீன் ஷெட்டுக்கு வந்து, சீட் போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கேட்டு வாங்கிப் போனாள். அவள் சீட்டைத் திரும்பக் காரில் மாட்டப் போகிறாள் என்றுதான் வெர்லின் நினைத்தார். மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்க் காரைப் பார்த்தார். வெறும் தகரம் வெறும் தகரமாகவே இருந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டு, ஸ்பேனரை மறந்தார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, வருடத்தின் கடைசிப் பந்தயம். பந்தயத்தில் ஓடுகிற வண்டி மட்டுமே உள்வளாகத்துக்குள் வரலாம், மற்றவை சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று தடத்து நிர்வாகம் அன்று புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. கருவிப் பெட்டி முழுக்க வேனில் இருக்கிறதே. தலைவர் உடனே முடிவெடுத்தார்: வேனையும் பந்தயத்தில் பதிவு செய். "சும்மா ஒரு சுத்து ஓட்டித் தோத்துட்டு வந்து இங்க நிறுத்திக்கம்மா."

காரும் வேனும் ஓடிய பிரிவின் சட்டம் விசித்திரமானது. எந்த வண்டியும் ஓடலாம். தன் வண்டி எத்தனை வினாடி எடுக்கும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் கிளம்பும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. அதாவது வேகம் பெரிதல்ல, சொன்ன சொல் பெரிது. மட்லிக்கில் இதைவிடப் பிற்போக்கான சட்டம் இல்லை என்று வெர்லின் பலமுறை வருந்தியதுண்டு.

வெர்லின் 13.40 என்று எழுதி இரண்டு சுற்று ஜெயித்தார். நாடீன் 17.62 என்று எழுதி அவளும் இரண்டு சுற்று ஜெயித்தாள். அது தற்செயல் என்று குழு பதிவு செய்துகொண்டது. மூன்றாவது சுற்றில் பக்கத்துத் தடத்தில் யார் என்று பலகையில் பார்த்தபோதுதான் குழு அவசரமாகக் கூடியது.

மளிகை சாமான் ஏற்றுகிற வேனிடம் தோற்றால் ஆலையில் தலைகாட்ட முடியுமா? குளிர்ந்த காற்று எஞ்சினுக்கு வேகம் கூட்டும் என்பதால், பீர் குளிர்ந்துகொண்டிருந்த பனிக்கட்டி முழுவதும் எஞ்சின் காற்று இழுக்கிற இடத்தில் கொட்டப்பட்டது. டாங்கியில் ஒரு மிடறு பெட்ரோல் மட்டும் விடப்பட்டது. தலைவரின் கனத்த பூட்ஸ் கழற்றப்பட்டு, வேனின் பின்கதவைத் திறந்து எடுத்த நாடீனின் கேன்வாஸ் ஷூ, குதிகாலை மிதித்துக்கொண்டு மாட்டப்பட்டது. இடுப்புப் பெல்ட் போயிற்று. சாவிக்கொத்து போயிற்று. பர்ஸில் எடை எதுவும் இல்லாததால் அது பையிலேயே தங்கியது.

"எழுதின நேரத்த மாத்தணுமேடா" என்றார் ஹார்லன்.

"பதிமூணு நாப்பதுக்குக் கீழ இந்த வண்டி ஜென்மத்துல போனதில்ல. சும்மா இரு."

ஐந்து மாதம் பாடுபட்ட குழுவின்மேல் அதன் தலைவருக்கே நம்பிக்கை கிடையாது என்பது இவ்விதமாக வெளியாயிற்று.

நாடீனுக்குப் பச்சை விழுந்தது. வேன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட மாதிரி, அமைதியாகக் கிளம்பிப் போயிற்று. நான்கு வினாடி வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு கார் பாய்ந்தது. கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது வேனைத் தாண்டினார். கையை வெளியே நீட்டி ஆட்டினார். வெற்றி விளக்கு நாடீனின் தடத்தில் எரிந்தது.

வெர்லின் 13.31. அவர் வாழ்நாளிலேயே மிக வேகமான ஓட்டம். நாடீன் 17.63. சொன்னதற்கு நூற்றில் ஒரு பங்கு வினாடி கூடுதல். அதற்காக அவள் பிறகு வருத்தப்பட்டாளாம்.

அடுத்த இரண்டு சுற்றிலும் வேகமான கார்க்காரர்கள் இரண்டு பேர் இதே போலத் தங்கள் வேகத்தாலேயே தோற்க, கோப்பை நாடீனுக்குப் போயிற்று. அவளுக்குக் கைதட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இல்லாத, பெட்ரோல் இல்லாத காரைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாளைக்கு இழுத்து வருவதாகச் சொன்னார் ஹார்லன். வெர்லின் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, நனைந்த கேன்வாஸ் ஷூவை இழுத்துக்கொண்டு, வேனுக்கு ஓடி முன்கதவைத் திறந்தார். காலையிலிருந்து பத்துத் தடவையாவது அந்த வேனிடம் வந்திருப்பார், பின்கதவைத் தவிர வேறு எதையும் அவர் திறந்ததில்லை.

நாடீனுக்குப் பக்கத்தில் வெறும் தகரமும் நான்கு போல்ட் துளைகளும் இருந்தன. நடுவில் கோப்பை நின்றது.

"என் சீட் எங்க?" என்றார் வெர்லின்.

"ஏப்ரல்ல நானும் இதையேதான் கேட்டேன். முதல் விதியப் படின்னே. படிச்சேன்."

மழை அவர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. "நாப்பத்தொரு பவுண்டுக்காகவா நாடீன்?"

நாடீன் வைப்பரைப் போட்டாள். "சீட்டு வெறும் நாப்பத்தொண்ணுதான் வெர்லின். ஹார்லன் தராசுல ஏறாத இருநூத்தி நாப்பது பவுண்டும் இன்னைக்கு என் பக்கத்துல இல்லாம அடுத்த தடத்துல வந்துச்சு பாரு, அதுலதான் ஜெயிச்சேன். என் பழைய சீட்டு பின்னால கெடக்கு, போய் உக்காரு. கழட்டிப் போட்டதெல்லாம் அங்கதான் வரும்."