மாப்பிள்ளையின் மத்தியானத் தூக்கம்

“இந்தக் கம்ப்யூட்டர் மத்தியானமும் ஓடுமா?”

கல்யாணமான மூன்றாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த இஹ்ஸான் அறை வாசலில் நின்று பாஹிமாவிடம் இப்படிக் கேட்டான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

பாஹிமாவுக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி, மணலில் சிக்கிய விசைப்படகு போல உறுமிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தாள்.

“ஓடாது, ஓடாது. நீங்க படுங்க.”

“இல்ல, ஓடுனா...”

“ஓடவே ஓடாது!”

இஹ்ஸான் தலையை ஆட்டிவிட்டுப் படுத்தான். கதவுக்கு வெளியே பழத்தட்டோடு நின்றிருந்த மரியம் உம்மாவுக்கு அவ்வளவு கேட்டதே போதும்.

காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்த இடத்தில் அவருக்கு ஒரு குறை என்றால், சாயங்கால அஸர் தொழுகைக்குள் அது நாலு தெரு தாண்டிவிடும். மரியம் மகளை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

“ஏளா, மாப்புள கப்பல்ல வேல பாக்குறவரு. நடுக்கடல்ல, காத்தோட காத்தா, அமைதியாப் படுத்துப் பழகுன உடம்பு. அவருக்குப் போயி மில்லு சத்தம் காட்டுதியே!”

“தொந்தரவுன்னு அவங்க சொல்லலியே உம்மா.”

“சொல்லுவாரா? மாப்புள வாயால சொல்லுத வரைக்கும் விட்டா நாமெல்லாம் மனுஷங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி வாய மூடணும். இல்லாட்டி அது இந்த வீட்டுல இருக்காது.”

உம்மாவை எதிர்த்துப் பேசி பாஹிமாவுக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபோதுகூட அவள் ஒன்றும் பேசவில்லை. தூத்துக்குடியில் ஏதோ ஒரு ஷிப்பிங் ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, தானாகத் தட்டித் தடவி டிசைன் வேலை கற்றுக்கொண்டாள். இன்று ஊரில் பாதிக் கல்யாணக் கார்டு அவள் செய்ததுதான். தன் கல்யாணக் கார்டையும் அவளே செய்தாள். அந்தப் பெட்டி போனால் மறுபடியும் வெறும் பாஹிமாதான்.

போக விடுவதாக இல்லை. கைச்செலவுக்கு வைத்திருந்த அறுநூற்று நாற்பது ரூபாயை எண்ணிப் பார்த்தாள். ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

முதலில் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள். ஒரு தலையணைக்குப் பஞ்சாகும் அளவுக்குத் தூசி வந்தது. தும்மிக்கொண்டே மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. எந்த ஓட்டைக்கு உரியது என்று தெரியவில்லை. ஓட விட்டாள். பழைய உறுமலோடு இப்போது கடகடவென்று ஒரு தாளமும் சேர்ந்துகொண்டது.

“இதுக்குப் பேருதான் சுத்தம் பண்ணுததா?” என்றாள் மரியம்.

அடுத்த நாள் உள்ளே இருந்த ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். அரை மணி நேரம் அற்புதமாக இருந்தது. அதன் பிறகு ஃபேன் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. சூட்டில் எண்ணெய் காய்ந்து வீடெல்லாம் மணந்தது.

இஹ்ஸான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். “ஏதும் பொரிக்கிறீங்களா?”

“ஆமா, அப்பளம்!” என்றாள் மரியம். சொன்ன குற்றத்துக்காக, மூன்று மணி வெயிலில் இருபது அப்பளம் பொரிக்க வேண்டியதாயிற்று. சாப்பிட்ட வயிற்றோடு இஹ்ஸான் பன்னிரண்டு தின்றான்.

மூன்றாம் நாள் பாஹிமா கடற்கரையிலிருந்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி வரச் செய்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வயருக்கு ஓட்டை போட்டு, கம்ப்யூட்டரை உள்ளே இறக்கி மூடினாள். சத்தமே இல்லை! ‘நிக்காஹ்’ என்று பெரிய எழுத்தில் அடித்து, அதற்குக் கீழே பூ வைத்துக்கொண்டிருந்தாள். இருபதாவது நிமிடம் திரை இருண்டுவிட்டது. மூடியைத் திறந்தால் இட்லிக் கொப்பரை போல ஆவி. ஆவியோடு, மூன்று சோப்புக்கும் அசராத சாளை மீன் வாடை.

தெருப் பூனைகள் இரண்டு வந்து பெட்டி மேல் உட்கார்ந்தன. மூன்றாவது, நேராக அறைக்குள் போய் மாப்பிள்ளையின் நெஞ்சில் ஏறிப் படுத்து, கண்ணை மூடி உர்ரென்று இரைய ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் இஹ்ஸான் கொஞ்சம் அசந்து தூங்கினான். மரியம் பார்த்துவிட்டு, “யா அல்லா!” என்று விளக்குமாறோடு ஓடினாள். பூனையும் போனது, தூக்கமும் போனது.

“பரவால்ல மாமி,” என்றான் இஹ்ஸான், சிவந்த கண்ணோடு.

“பரவால்லன்னு சொல்லுதாரு,” என்று மரியம் மகளின் காதில் சொன்னாள். “அப்படின்னா எவ்வளவு மனக்கஷ்டம் பாத்துக்க.”

கம்ப்யூட்டரை விற்ற தூத்துக்குடிக் கடைக்காரன் வில்பிரட்டுக்குப் பாஹிமா போன் போட்டாள்.

“தேங்கா எண்ணெயா?” என்று மறுமுனையில் கத்தினான் வில்பிரட். “தங்கச்சி, அது மெஷினு. தலவாரி ஜடை போடவா போறீங்க? கடைக்குக் கொண்டாங்க.”

மரியம் போனைப் பிடுங்கினாள். “தூத்துக்குடிக்கா? உன் கடைப் படிய இந்த வீட்டுப் பொம்பள எவளும் மிதிக்கமாட்டா. நீ இங்கன வா.”

“வியாழக்கிழம வாரேன் உம்மா. அதுவர பழைய ரப்பர் செருப்ப வெட்டி, பெட்டியோட நாலு காலுக்கும் அடியில குடுங்க. அதிர்வு நிக்கும்.”

கொல்லையில் தேய்ந்துபோன நீலச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. மரியமே அரிவாள்மணையில் வைத்து அறுத்துக் கொடுத்தாள். கடகட சத்தம் சொல்லிவைத்தாற்போல நின்றது. அம்மாவும் மகளும் முதல் முறையாகச் சிரித்தார்கள். சாயங்காலம் இஹ்ஸான் கொல்லையில் குனிந்து குனிந்து எதையோ தேடினான்.

“என்ன வேணும் மாப்புள?”

“என் செருப்பு மாமி. நீலக் கலரு. சிங்கப்பூர்ல வாங்குனது... பரவால்ல.”

வியாழக்கிழமை வில்பிரட் வந்தான். பழைய ஃபேனைக் கழற்றி, பெரிதாக ஒன்றை மாட்டினான். “பெருசு மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்துனா சத்தம் வராது. இந்தப் பழைய எமனை நான் கொண்டுபோறேன்.” அறுநூற்று நாற்பதில் நாற்பது ரூபாய்தான் மிஞ்சியது.

மறுநாள் மத்தியானம். பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். இஹ்ஸான் வாசலில் வந்து நின்றான். காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.

“ஓடுதா?”

“ஓடுது!” என்றாள் பாஹிமா. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக அவள் எதையும் சொன்னதில்லை. “சத்தமே இல்ல பாருங்க.”

“ஆமா,” என்றான் இஹ்ஸான், யாரோ இறந்துபோன செய்தி கேட்டவன் குரலில். “சத்தமே இல்ல.”

அன்றும் அவன் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்தான். மறுநாள் கண் மிளகாய்ப் பழமாகிவிட்டது. மரியம் வீடு முழுக்கச் சத்தத்தை வேட்டையாடக் கிளம்பினாள். இரவெல்லாம் கிரீச்சிடும் அறை ஃபேனுக்கு ஆள் கூப்பிட்டு கிரீஸ் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவினாள். மத்தியானத்தில் பிரிட்ஜை நிறுத்தினாள். அதனால் ஒரு கிலோ ஊளி மீன் கெட்டுப்போனது. எதிரில் மாவு மில் வைத்திருக்கும் தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் போய், மத்தியானத்தில் மில்லை நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

“அது அவங்க பொழப்பு உம்மா,” என்றாள் பாஹிமா.

“அப்ப ஜன்னல சாத்து.”

இப்போது வீட்டுக்குள் எறும்பு ஊர்ந்தால் கேட்கும். இரவும் பகலும் தூக்கம் போன மாப்பிள்ளை, மத்தியானச் சோறு தின்றதும், “ஒரு சோலி இருக்கு” என்று வெளியே போக ஆரம்பித்தான். நாலு மணிக்குத் திரும்பி வரும்போது முகம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருக்கும்.

மூன்று நாள் பார்த்தாள் மரியம். நாலாம் நாள் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அவங்க உம்மா வீட்டுக்குப் போயித் தூங்கிட்டு வாராரு,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பொண்டாட்டி வீட்டுல தூங்க முடியாத மாப்புள! இனி எந்த முகத்த வெச்சிட்டு நான் கல்யாண வீட்டுக்குப் போவேன்? எல்லாம் அந்தப் பெட்டியால. முத நாளே அவரு மனசு விட்டுப்போச்சு.”

“இப்பத்தான் சத்தம் இல்லியே!”

“சத்தம் போச்சு. கேட்ட காது மறக்குமா?”

வில்பிரட்டை அவளே போனில் கூப்பிட்டாள். வந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மறுநாள் மாலை, இஹ்ஸான் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், வில்பிரட் வந்து ஒயர்களைப் பிடுங்கினான். பாஹிமா மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் குடுக்கமாட்டேன் உம்மா.”

உம்மாவிடம் அவள் சொன்ன முதல் ‘மாட்டேன்’ அது. மரியம் திகைத்து நின்றாள். பெட்டியை மார்போடு அணைத்து நின்ற வில்பிரட், யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான்.

“வீட்டுல யாரு?”

தாணுலிங்கம் அண்ணாச்சி. தலை, மீசை, புருவமெல்லாம் மாவு. கையில் ஒரு செல்போன்.

“மாப்பிள்ளை செல்போன மில்லுலயே விட்டுட்டுப் போயிட்டாரும்மா. மூட்டைக்கு அடியில கிடந்து அடிச்சிக்கிட்டே இருந்துச்சு.”

“உங்க மில்லுலயா?” என்றாள் மரியம். “அங்கன அவருக்கு என்ன சோலி அண்ணாச்சி?”

“சோலியா? தூக்கந்தான்!” அண்ணாச்சி சிரித்ததில் மாவு உதிர்ந்தது. “அஞ்சு நாளா மோட்டாருக்குப் பக்கத்துல கோதும மூட்டையில சாஞ்சாருன்னா, மில்லு நின்னாத்தான் முழிக்காரு. பன்னெண்டு வருஷமா கப்பல் எஞ்சினுக்குப் பக்கத்துலயே படுத்த ஆளாம்லா, இரைச்சல் இல்லாட்டி கண்ணு மூடாதாம். இந்த வீட்டுலயும் நல்லா இரையுத கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சாம். அது மத்தியானமும் ஓடுமான்னு ஆசையாக் கேட்டதுக்கு உங்க பொண்ணு படக்குனு அணைச்சிட்டாளாம், புது மாப்பிள்ளை எப்படி ரெண்டாந்தடவ கேக்கதுன்னு சொல்லி வருத்தப்படுதாரு!”

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கடிகாரத்தில்கூட.

வில்பிரட் பெட்டியை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கி வைத்தான்.

“வில்பிரட் அண்ணே,” என்றாள் பாஹிமா. “அந்தப் பழைய ஃபேனு?”

“இன்னைக்குக் காலையிலதான் கடையில குப்பக் கூடையில போட்டேன் தங்கச்சி. ஆறு மணிக்குக் குப்ப வண்டி வந்துரும்.”

மரியம் கொடியில் கிடந்த துப்பட்டியை உருவிப் போர்த்திக்கொண்டாள். படியிறங்கி, தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.