ஒரு சாக்கு வளம்

பரிசு கொடுத்தே ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த மனிதர் மட்டாஞ்சேரி முழுக்க ஒருவர்தான் இருந்தார். அவர் நிறுத்தப் பார்த்தது என் கல்யாணத்தை.

சருகு அண்ணாச்சி என்போம். மலையாளிகளுக்குக் கரியிலச் சேட்டன். சொந்தப் பேர் அவருக்கே நினைவிருந்ததா என்று எனக்குச் சந்தேகம். சுக்கு குடோனில் சாக்கு தைக்கிற வேலை. அது வயிற்றுக்கு. உயிருக்கு, எங்கள் லைன் வீடுகளின் பின்னால் அவர் குவித்து வைத்திருந்த இலைக் குப்பை.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் கொல்லை வெறும் மணல். தண்ணீர் ஊற்றினால் ஊற்றின சத்தம் அடங்குவதற்குள் காணாமல் போகும். நன்றாக மக்கிய இலையைக் கலந்தால் அந்த மணலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அண்ணாச்சி கண்டுபிடித்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சுள்ளிக்கல் வரை நடந்துபோய் மா, பலா, பாதாம் என்று இலை பொறுக்குவார். பள்ளுருத்தியில் இருந்து மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றுவார். "எந்தா சேட்டா சாக்கில்?" என்று கண்டக்டர் கேட்பார். "கரியில," என்பார் இவர், தங்கம் என்று சொல்கிற குரலில். கண்டக்டர் அடுத்த ஸ்டாப் வரைக்கும் சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிப்பார்.

வெயில் காலத்தில் குவியலுக்குத் தண்ணீர் தெளிப்பார். அவ்வப்போது மண்வெட்டியால் புரட்டுவார். மழை பிடித்தால் சத்தெல்லாம் கரைந்துவிடும் என்று பழைய சாக்குகளால் போர்த்துவார். அவர் நனைந்துகொண்டு நிற்பார். இருமலைக் கேட்டு நாங்கள் திட்டினால், "எனக்கு ஆஸ்பத்திரி உண்டு, அதுக்கு உண்டா?" என்பார்.

ஆனால் ஒரு கைப்பிடி தரமாட்டார். வீட்டுச் சொந்தக்காரர் தன் ரோஜாவுக்குக் கேட்டார். வாடகைக்கு இருந்துகொண்டு அவருக்கே இல்லை என்றார். நான் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு சிரட்டை கேட்டேன்.

"ஆயிட்டில்ல மோளே. இன்னும் இலையாத்தான் இருக்கு."

"எப்ப ஆகும் அண்ணாச்சி?"

"ரெண்டு மழைக்காலம் கழியட்டும்."

"அதுக்குள்ள நான் செத்துப் போயிருவேன்."

"போனா என்ன, மேல ஒரு செடி வைக்கலாம். அப்பவும் வேணும்ல."

பக்கத்து வீட்டுச் சேச்சி கேட்கவில்லை. திருடினார். பாதி மக்கின இலை ஒரு கூடை. போட்ட சில நாளில் அவருடைய கீரைப் பாத்தி மஞ்சளடித்தது. அண்ணாச்சி அவர் வாசலில் போய் நின்றார். சண்டை என்று தெருவே கூடியது. "எடுத்தது போகட்டும் சேச்சி. பழுக்கறதுக்கு முன்னால எடுத்துட்டீங்களே," என்று சொல்லிக் கண் கலங்கினார். சேச்சி அவரை உட்கார வைத்துச் சாயா போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி என் கல்யாணம். எனக்கு வாய் நீளம். வந்த வரன்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு ஓடினார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் ஓடவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லால்ல," என்றேன். "எங்கப்பா எடுத்தது," என்று சிரித்தார். இவர்தான் வேண்டும், இவரை விட்டால் எவரும் வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அந்தச் சட்டையை எடுத்த அப்பாவுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. ஒத்துக்கொண்ட பிறகும், ஏதாவது சாக்கு கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிடைத்தது. சணல் சாக்கு.

தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் மூட்டையோடு மண்டபத்துக்குள் வந்தார். மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பொத்தென்று இறக்கினார். தையலை உருவி, கறுப்பாக உதிரியாக இருந்ததை எல்லாருக்கும் திறந்து காட்டினார்.

"என்னய்யா இது?" என்றார் மாமனார்.

"வளம்."

"என்ன வளம்?"

அண்ணாச்சி மடியில் இருந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரல் வைத்து வாசித்தார். "மணமக்கள் எல்லா வளமும் பெற்று வாழ... நீங்கதானே அச்சடிச்சது? வளம் எங்கிட்டதானே உண்டு. வேற ஆரு தருவா?"

மலையாளத்தில் வளம் என்றால் உரம். அவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. எங்கள் தெருக்காரர்கள் புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோவில்பட்டிக் கூட்டம் சிரிக்கவில்லை.

"எம் மவனுக்குக் குப்பையா சீரு? எந்திரில, போவோம்," என்றார் மாமனார்.

காலையில் இருந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அது அங்கே முடிந்தது. அண்ணாச்சியைக் கிழிப்பதற்குத்தான் எழுந்தேன். மனிதர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, என்ன தப்பு என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு தானாக மாமனார் பக்கம் திரும்பிவிட்டது.

"குப்பைன்னு சொல்லாதீங்க. ஊரே கேட்டும் ஒரு பிடி குடுக்காதவரு, எனக்கு மூட்டையாக் கொண்டு வந்திருக்காரு. நான் உங்க வீட்டுக்குக் கொண்டு வர்றதுல இதான் ஒசத்தி. இது வேண்டாம்னா நானும் வேண்டாம்."

சிரிப்பு நின்றது. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

மாப்பிள்ளை குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்தார். அதை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மழை பேஞ்ச வாசனைப்பா. நம்ம மல்லிக்கு ஆகும்."

மாமனார் மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். பிறகு அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு மூட்டை இருக்கா?" என்றார்.

"ஆயிட்டில்ல," என்றார் அண்ணாச்சி.

தாலி ஏறியது.

சாயங்காலம் வேனில் முதலில் சாக்கு ஏறியது, அப்புறம் நான். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் வந்து என்னைப் பார்க்காமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"புதுசுல உள்ள சூடு ஜாஸ்தியா இருக்கும் மாப்ளே. பயப்படண்டாம். அமுக்கி வைக்கக் கூடாது. காத்துப் போக விடணும். பொறுமையா இருந்தா தன்னால ஆறும்."

"சரி அண்ணாச்சி. மூட்டையை நெழல்லயே வைக்கிறேன்."

"மூட்டையா? அது எப்பவோ ஆறியாச்சு. நான் இவளைச் சொன்னேன்."

வேன் நகர்ந்தது. பதிலுக்கு நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கை பக்கத்தில் இருந்த சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டது. ஊர் முடிகிற தோப்பும்படிப் பாலம் தாண்டியும் விடவில்லை.