வாக்குமூலத்தின் வால்

"பதினோரு மணிக்குக் கேஸு. வாக்குமூலம் அச்சாச்சாய்யா?" உள்ளறையிலிருந்து வக்கீல் கத்தினார்.

"இதோ சார்!" என்றார் குமாஸ்தா.

காலையில் வந்து சேர்ந்த ‘கொத்தனார் வாக்குமூலம்’ என்ற கோப்பைச் சொடுக்கினால் பாட்டுப் போடும் செயலி திறந்து, அதில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வக்கீலுக்குச் சத்தம் ஆகாது. குமாஸ்தா பதறிப்போய் அதை மூடினார்.

வெளி பெஞ்சில் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டிய பள்ளிச் சுவர் இடிந்துவிட்டது. சிமெண்டைக் குறைக்கச் சொன்னது ஒப்பந்தக்காரர்தான். அது வாக்குமூலத்தில் இல்லையென்றால் கொத்தனார் உள்ளே போகவேண்டியதுதான்.

குமாஸ்தா, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"கோப்போட பேருக்குப் பின்னால புள்ளி வச்சு ஒரு வால் இருக்கும் மாமா. எந்த வாலை எது திறக்கணும்கிறது குழம்பிப்போச்சு. கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல்ல ‘அசாக்’னு அடிச்சு, அந்த வாலை எழுத்துக் கோப்போட சேத்துடுங்க."

சேர்த்தார். வாக்குமூலம் திறந்தது. பக்கம் பக்கமாகக் கட்டமும் கேள்விக்குறியும், எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி.

"அப்ப ‘எஃப்டைப்’னு அடிச்சு, திறக்கிற செயலியை மாத்திப் பாருங்க மாமா."

மாற்றினார். அவசரத்தில் மாட்டியது கால்குலேட்டர். உயில் குறிப்பு, விவாகரத்துக் குறிப்பு என்று எந்த எழுத்துக் கோப்பைத் தொட்டாலும் கால்குலேட்டர் வந்து, பெரிய சைபரைக் காட்டிப் பல்லிளித்தது.

"என்னய்யா பண்றே?" என்றார் வக்கீல்.

"முடிஞ்சுது சார்!" அது ஒருவகையில் உண்மைதான்.

"மாமா, பதறாதீங்க. செயலிங்களுக்கெல்லாம் புள்ளி இ-எக்ஸ்-இ-ன்னு ஒரு வால் இருக்கு..."

மச்சான் முடிப்பதற்குள் குமாஸ்தா அதையும் அடித்து மாற்றிவிட்டார்.

"...அதை மட்டும் தொட்டுடாதீங்க!"

அதன்பிறகு எந்தச் செயலியும் திறக்கவில்லை. கறுப்பு ஜன்னலைத் திறக்கப் போனால், ‘என்னை எதில் திறப்பது?’ என்று அவரையே கேட்டது.

மணி பத்தே முக்கால். இருபத்திரண்டு வருஷமாக ஒரு காகிதம் தொலைத்ததில்லை. இன்று ஒரு மனுஷனையே தொலைத்துவிட்டோமே என்று குமாஸ்தாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து வெளி பெஞ்சுக்குப் போனார்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க ராப்பகலா உக்காந்து எழுதி அனுப்பினதை நான் பாழாக்கிட்டேன்."

கொத்தனார் திருதிருவென்று விழித்தார்.

"எழுதி அனுப்பினேனா? எனக்குக் கையெழுத்தே போட வராதுங்க. எல்லாத்தையும் போன்ல பேசிப் பதிவு பண்ணித்தானே அனுப்பினேன்?"