சின்னக் கடலின் தெற்கு எல்லை குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். படகும் நலம், ஆனால் அது இன்னும் எத்தனை நாளைக்கு என்பது, அளவு வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் உங்கள் மனைவியின் கையில் இருக்கிறது.

நம் சின்னக் கடலுக்குப் புது வரைபடம் போடுகிறார்கள், எல்லை குறிப்பது என் மகள் என்று தெரிந்ததும் துறைமுகம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். வடக்கே ஆற்றுமுகம், கிழக்கே மணல்திட்டு, மேற்கே நம் கரை, இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. தெற்கே பெருங்கடலோடு சேருகிற இடத்தில்தான் வம்பு. பழைய வரைபடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தீவையும் உள்ளே சேர்த்து வளைத்துப் போட்டிருந்தான். அதனால்தான், சின்னக் கடலுக்குள் மட்டும் ஓட்டலாம் என்கிற உரிமத்தை வைத்துக்கொண்டு தீவுக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கிறேன்.

அளக்க வந்தவளை என் படகிலேயே கூட்டிப் போனேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கலாம். "இதோ பாரும்மா, இதுவரைக்கும் தொட்டில் மாதிரி ஆடும், கலங்கரை விளக்கப் பாறையைத் தாண்டினா அலை நீளமா தூக்கும், அது பெருங்கடல்" என்று பெருமையடித்தேன். அவள் ஆழம் பார்த்தாள், அடிமண் எடுத்துப் பார்த்தாள், நீரோட்டம் பார்த்தாள், வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆழம் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். கரையின் தென்முனையிலிருந்து அந்தப் பாறைக்கு நேராக ஒரே கோடு; கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு! தீவு மட்டும் கோட்டுக்கு வெளியே. "அப்ப என் படகு?" என்றேன். "நீங்க காட்டின இடம்தானேப்பா" என்கிறாள். உங்க அத்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. பெருங்கடல் உரிமத்துக்குப் பரீட்சை எழுதணுமாம், இந்த வயசுல நான் பரீட்சையா மாப்பிள்ளை? நீங்க சொன்னா அவ கேப்பா. கோட்டைக் கொஞ்சம் தீவுக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க. கடல் ஒண்ணும் கோவிச்சுக்காது.

நீங்கள் இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு, குறிப்பாக அவள் உங்கள் சொல்லைக் கேட்டு, நீடூழி வாழ ஆசிகளுடன்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவளே வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பழைய எல்லையை அப்படியே விட்டுடட்டுமாப்பா? யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "அப்பனுக்காகக் கடலை வளைப்பியா? நீ போட்ட கோடு போட்ட இடத்துல இருக்கணும்!" என்று கத்திவிட்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். பரீட்சைக்கான புத்தகம் மட்டும் வாங்கி அனுப்புங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.