வண்டி வியாழக்கிழமை கிளம்பும், அக்கா

ஸ்கிப்டன்,
மே 12, திங்கட்கிழமை.

வேக்ஃபீல்டில் சுகமாகவும், எப்போதும்போல ஊரில் எல்லோர் மேலும் ஒரு கண்ணாகவும் இருக்கும் என் அன்பு அக்கா தெல்மாவுக்கு, தம்பி கிளிஃபர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஏவ்ரிலும் நலம். எங்கள் வீட்டு வண்டியும் நலம். அங்கே உன் முழங்காலும், உன் பூனையும், உன் அபிப்பிராயங்களும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் நான் ஏன் பிரான்ஸுக்குப் போகக் கூடாது என்பது, மீதி அரைப் பக்கம் உன் முழங்கால். நீ மூன்று குற்றச்சாட்டு வைத்திருக்கிறாய். என் மனைவி ஏவ்ரில் என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்பது ஒன்று. எழுபத்தொரு வயதில் நான் வண்டியை ரோட்டுக்கு எந்தப் பக்கம் ஓட்டுவேன் என்பது எனக்கே தெரியாது என்பது இரண்டு. ஏவ்ரில் பேசும் பிரெஞ்சு, பிரான்ஸில் ஒருவருக்கும் புரியாது என்பது மூன்று. மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன். எழுதிவிட்டு, வியாழக்கிழமை காலை கிளம்பப் போகிறோம். வெள்ளிக்கிழமை நியூஹேவனில் கப்பல். இதில் மாற்றம் கிடையாது.

முதலில் துரத்தின கதை. அதை உனக்கு ஃபோன் போட்டுச் சொன்னது பக்கத்து வீட்டு நெவில் என்பது எனக்குத் தெரியும். நெவில் பதினோரு தடவை ஸ்பெயினுக்கு வீட்டு வண்டியில் போய்வந்தவன், அதனால் அவனுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று அவனே சொல்லுவான். முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் அதற்கு முன்னால் இரண்டு நாள் சொந்த வாசலிலேயே வண்டிக்குள் குடியிருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அவன்தான். அடுப்பு எரிகிறதா, படுக்கை விரிகிறதா, எது இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியுமாம். சரி என்று போன வாரம் வாசலில் நிறுத்தி உள்ளே குடியேறினோம். ஏவ்ரில் ஒரு சட்டம் போட்டாள்: இரண்டு நாளைக்கும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, வீடு இங்கிலாந்தில் இருக்கிறது, நாம் பிரான்ஸில் இருக்கிறோம். சமையலறை ஜன்னல் வழியாகக் கை நீட்டி உப்பு எடுக்கப் போனேன், அதற்கும் விடவில்லை. முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிக் கழிப்பறையின் பெட்டி நிரம்பிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெட்டியை உருவி எடுத்து எங்காவது கொட்ட வேண்டும். நான் அதைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக் கதவுக்குப் போனால் ஏவ்ரில் வண்டி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கிளிஃப், அது இங்கிலாந்து."

"தெரியுது. அவசரம்."

"பிரான்ஸ்ல அவசரம்னா ஓடி வந்து நம்ம வீட்டுலயா கொட்டுவே? சட்டம்னா சட்டம்."

நான் என்ன செய்ய? ராத்திரி உடுப்போடு, கையில் அந்தப் பெட்டியோடு, நெவில் வீட்டு மணியை அடித்தேன். "நெவில், உன் டாய்லெட்டைக் கொஞ்சம் பயன்படுத்திக்கலாமா" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தான். என் தோளில் கை வைத்து, "உள்ள வா கிளிஃப். எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்குக் கல்யாணம் ஆகி" என்று கேட்டான். நாற்பத்து நாலு என்றேன். "போகப் போக சரியாயிடும்" என்றான். வண்டியில் குடியிருந்து பார் என்று சொன்னதே தான்தான் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. ஒரு டீ கொடுத்துவிட்டு, நான் வெளியே வருவதற்குள் உனக்கு ஃபோன் போட்டிருக்கிறான். நீயும் எதையும் விசாரிக்காமல், எனக்கு அப்பவே தெரியும் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டாய்.

இரண்டாவது, எந்தப் பக்கம் ஓட்டுவேன் என்பது. அங்கே வலப் பக்கம் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்தும் இடத்தில் ஒன்பது சுற்று வலப் பக்கமாகவே ஓட்டிப் பழகினேன். காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, "பெரியவரே, வழி தெரியலையா" என்று கேட்டார். "நான் பிரான்ஸ்ல இருக்கேன்" என்றேன். அவர் தள்ளிப் போய் யாருக்கோ ஃபோன் செய்தார். அவரிடமும் உன் நம்பர் இருக்கிறதா என்று தெரியவில்லை. முன் விளக்கு எதிரில் வருகிறவன் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க ஒட்டும் ஸ்டிக்கரையும் வாங்கி ஒட்டியாயிற்று. இடதுக்குரியதை வலதில் ஒட்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது வெளிச்சம் ரோட்டை விட்டு ஏறி, மாடியில் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நெவில் மேல் விழுந்தது. அவன் எனக்குச் செய்ததற்கு அது பரவாயில்லை. இப்போது மாற்றி ஒட்டிவிட்டேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஈஸ்டர் விருந்தில், எல்லோர் முன்னாலும், ஏவ்ரிலைப் பார்த்து, "ஆறு வருஷமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சர்ச் ஹாலுக்குப் போயி பிரெஞ்சு படிக்கிறியே, யாரோட பேசப் போறே, மலையில மேயற ஆட்டோடயா" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். ஏவ்ரிலும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்கிப்டன் நெருங்கும்போது சொன்னாள்: "எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம் கிளிஃப். ஒரு கடைக்குள்ள போயி, ஒரே ஒரு ரொட்டி, நானே வாய் திறந்து கேட்டு வாங்கணும். கடைக்காரி எனக்குத் திருப்பி இங்கிலீஷ்ல பதில் சொல்லாம இருக்கணும். அவ்வளவுதான்." முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். ஒவ்வொரு கோடையிலும் உனக்கும் ஸ்டான்லி அத்தானுக்கும் பிடிக்கும் என்று ஃபைலி கடற்கரைக்கு உன் பின்னாலேயே வந்தவள். கடல் தாண்டி ஒரு தடவையும் போனதில்லை. அந்த வாரமே நான் வண்டியை வாங்கினேன். ஆகையால் இந்தப் பயணத்துக்குக் காரணம் நீதான், உனக்கு அதற்காக நன்றி.

இனி உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். அது உனக்கு நெவில் சொல்லாதது. வண்டியின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகடு இருக்கிறது. எங்களையும் சேர்த்து மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மேலே போனால் வழியில் நிறுத்தி இறக்கச் சொல்லுவார்கள், இறக்காமல் நகர விடமாட்டார்கள். எடை பார்க்க இங்கே இருக்கும் ஒரே இடம் ஆட்டுச் சந்தையின் எடை மேடை. போன வியாழக்கிழமை, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு ஆட்டு வண்டி, நடுவில் நாங்கள் என்று வரிசையில் நின்றோம். மேடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஏத்தியிருக்கீங்க? கிடாவா, பெட்டையா?"

"பீன்ஸ்" என்றாள் ஏவ்ரில்.

மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. மேடைக்காரர் சீட்டை நீட்டி, "எத்தனை வருஷத்துக்குப் போறீங்க" என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். அவர் பின்னாலிருந்த ஆட்டு வண்டியைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து இறக்கத் தொடங்கினோம். அக்கா, அங்கே எதுவும் கிடைக்காது என்று நாங்களே நினைத்துக்கொண்டு இங்கிலாந்தையே ஏற்றியிருந்தோம். முப்பத்தாறு டப்பா பீன்ஸ், எட்டு ஜாடி ஆரஞ்சு மார்மலேட், ஐந்நூறு டீப் பை, ஒரு சாக்கு உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு எதற்கு என்று கேட்டேன், "அவங்க ஊர்ல வறுக்கத்தான் தெரியும், வேகவைக்கத் தெரியாது" என்றாள். பன்றி இறைச்சியும், டப்பாப் பாலும், இரண்டு கிலோ வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியும் இருந்தன. நெவில் பார்த்துவிட்டு, "கறி, பால் எதையும் இப்ப உள்ள விடமாட்டாங்க, துறைமுகத்திலேயே பிடுங்கிக் குப்பையில போட்டுருவாங்க" என்றான். அதனால் நான்கு நாளாக மூன்று வேளையும் பன்றி இறைச்சிதான் சாப்பிடுகிறோம். பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு உனக்குத் தனியாகப் பார்சலில் வருகிறது. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. கெட்டுப் போகும், அதனால்தான். என்னுடைய நாற்பத்தொரு கிலோ கருவிப் பெட்டியை இறக்கினேன், வலித்தது. நெவில் அன்பளிப்பாகக் கொடுத்த இரும்பு அடுப்பை இறக்கினேன், வலிக்கவில்லை. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த இரண்டு நாற்காலியை இறக்கும்போதுதான், பிரான்ஸில் எங்களைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்ற யோசனை வந்தது. சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அதைப் படித்த கோபத்தில் டிவியையும் இறக்கினேன்.

இன்று காலை மறுபடி சந்தைக்குப் போனோம். மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு.

"இருபத்தாறு கிலோ அதிகம் பெரியவரே. ஒரு ஆட்டுக்குட்டி. இறக்குங்க, இல்லாட்டி வீட்டுலயே இருங்க."

இறக்க இரண்டே இரண்டுதான் மிச்சம் இருந்தன. ஒன்று ஏவ்ரிலின் பிரெஞ்சுப் புத்தகங்களும் ஆறு வருட நோட்டுகளும். இன்னொன்று தொட்டித் தண்ணீர். நூறு லிட்டர், நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், அவள் குடம் குடமாக ஊற்றி நிரப்பியது. அந்த ஊர்த் தண்ணீரில் டீ போட்டால் அது டீயாக இருக்காது, நான் குடிக்க மாட்டேன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லியிருந்தாள். பின்னால் ஆட்டு வண்டிக்காரர்கள் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிமிடம் எனக்கு, உன் பேச்சு பலித்துவிடும் போலிருக்கிறதே என்று பயமாக இருந்தது, மறைக்கவில்லை. நோட்டை இறக்கு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது லிட்டர் மட்டும் திறந்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் வண்டியை விட்டு இறங்கினாள். இடுப்பு வலியோடு குனிந்து, வண்டிக்கு அடியில் கை விட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"ஏவ்ரில், முப்பது போதும்."

"அத்தனை கோடிப் பேரு அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க, ஒருத்தரும் சாகலை. முழுசாப் போகட்டும் கிளிஃப். இந்தத் தண்ணியிலதான் டீ வேணும்னா நான் எதுக்கு அங்க போகணும்?"

தண்ணீர் மேடையெல்லாம் ஓடியது. பின்னாலிருந்த ஒரு விவசாயி தலையை நீட்டி, "வயசானா வண்டிக்கும் அடக்க முடியாது போல" என்றார். ஏவ்ரில் நிமிர்ந்து அவருக்குப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். ஆக, அவள் பிரெஞ்சு ஸ்கிப்டன் சந்தையிலேயே புரிகிறது, தெல்மா அக்கா. எழுதி வைத்துக்கொள்.

மூவாயிரத்து நானூற்று இருபத்தாறு. மேடைக்காரர் முத்திரை குத்திக் கொடுத்தார். சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வண்டி வழியில் நின்றால் வைக்க முக்கோணப் பலகை இருக்கிறது, போட்டுக்கொள்ள மஞ்சள் மேலங்கி இருக்கிறது, எந்த நாட்டு வண்டி என்று காட்டும் எழுத்து ஸ்டிக்கர் புதியது ஒட்டியாயிற்று. எங்களைத் தடுக்க இனி ஒரு காரணமும் பாக்கி இல்லை. நீ இனிமேல் எழுதினால் அது வெறும் காகிதச் செலவு. மூன்று வாரம் உன் அபிப்பிராயம் எட்டாத தூரத்தில், நானும் என் மனைவியும் மட்டும், ரோட்டுக்கு வலப் பக்கம் இருப்போம்.

உன் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். பூனைக்கு என் அன்பு. நெவில் ஃபோன் செய்தால் நாங்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொல். உன் நீண்ட ஆயுளுக்கும் குறைந்த கோபத்துக்கும் எப்போதும் பிரார்த்திக்கும்,

உன் தம்பி
கிளிஃபர்ட் ஹெப்வொர்த்

பின்குறிப்பு: உறைக்குள் போடும் முன் ஏவ்ரில் இதைப் படித்தாள். நானும் என் மனைவியும் மட்டும் என்ற இடத்தில் விரலை வைத்து, "இன்னும் எழுபத்து நாலு கிலோ மிச்சம் இருக்கே, உன் அக்கா என்ன எடை இருப்பாங்க" என்று கேட்டாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். "மடெய்ரா தீவுக்குப் போகன்னு ஸ்டான்லி எடுத்துக் குடுத்த பாஸ்போர்ட்டு, ஒரு தடவைகூட திறக்காம அவங்க அலமாரியில கிடக்கு. அவர் இறந்துபோயி மூணு வருஷமா நம்மளைப் போகாதீங்கன்னு சொல்றாங்களே, அது எதனாலன்னு உனக்கு இன்னுமா புரியலை" என்றாள். எனக்குப் புரிந்திருக்கவில்லை, அக்கா. மன்னித்துக்கொள். மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்ததாக வைத்துக்கொள். பெல்ட் போட்ட மூன்றாவது சீட்டு ஒன்று பின்னால் இருக்கிறது, சாப்பாட்டு மேஜையை மடக்கினால் படுக்கை ஆகிவிடும், உன் முழங்காலோடு மேல் படுக்கைக்கு ஏற வேண்டியதில்லை. உன் எடையைப் பொய் சொல்லாமல் குறித்து வை. பெட்டி எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பூனையை எதிர்வீட்டில் விடு. வியாழன் காலை பத்து மணிக்கு உன் வாசலில் நிற்போம். வர மாட்டேன் என்று எழுதிப் போடாதே: முப்பத்தாறு வருடம் தபால் கொடுத்தவன் சொல்கிறேன், அது நாங்கள் கிளம்பிய பிறகுதான் இங்கே வந்து சேரும். ஃபோனை ஏவ்ரில் ஏற்கெனவே அணைத்துவிட்டாள்.