எங்கள் வீட்டில் அடுத்தவர் சோபா

எனக்குக் கோபமே வராது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. நன்றாகவே வரும். ஆனால் வாயைத் திறந்ததும் அதோடு ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால், சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள். இந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சோபாவை விற்கப் போனேன்.

அப்போது சிங்காநல்லூரில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் மட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். ஹாலில் பாதியை எனக்குச் சீராக வந்த தேக்குச் சோபா பிடித்திருந்தது. இரண்டு தையல் மெஷின் போட இடம் இருந்தால், குழந்தைகள் ஜட்டி தைக்கும் வேலையை எனக்கே தருவதாகத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. நானாகச் சம்பாதிக்கக் கிடைத்த முதல் வாய்ப்பு. குறுக்கே நின்றது சோபா ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தேன், பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்காவின் போன் நம்பரோடு. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த சென்னியப்பன் என்பவர் கூப்பிட்டார். நேரில் வந்து பார்க்கக்கூட இல்லை. "நீங்க சொன்னாச் சரிதானுங்க அம்மணி" என்றார். நாலாம் நாள் முழுத் தொகையும் மணியார்டரில் வந்துவிட்டது. "புதங்கெழம வண்டி கொண்டாந்து எடுத்துக்கறனுங்க" என்றார். எந்தப் புதன் என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

முதல் புதன் கரிநாள். அடுத்தது அஷ்டமி. வேறு நாளில் வாருங்கள் என்றால், "வெள்ளிக்கெழம மேக்க சூலமுங்க, அங்க வரப்படாது. சனிக்கெழம கெழக்க சூலமுங்க, திரும்பிப் போகப்படாது" என்றார். பணம் அனுப்ப மட்டும் அவர் எந்த நாளும் பார்க்கவில்லை.

இதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பணம் வாங்கியாயிற்று, ஆகவே சோபா அடுத்தவர் பொருள், அதில் யாரும் உட்காரக்கூடாது. (சட்டம் போட்ட மேதை நான்தான்.) போர்வை போட்டு மூடினேன். நானும் என் கணவர் நாகராஜும் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மரியாதையாக ரசஞ்சோறு சாப்பிட்டோம். அந்த மரியாதையில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் அவருடைய மில் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேராகச் சோபாவில் உட்காரப் போனார். நான் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தேன்.

"அதுல உக்காராதீங்க சார்! அது எங்களுது இல்லீங்க. எப்ப வேணாலும் வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க!"

பாவம், தரையில் சம்மணம் போட்டுக் காப்பி குடித்தார். போகும்போது இவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மில் முழுக்க, நாகராஜ் வீட்டில் ஜப்தி என்று பேச்சு. கேண்டீனில் யாரோ இவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு வாசலில் கோலம் போடக்கூடக் கூச்சமாகிவிட்டது.

சென்னியப்பனை நாலு கேள்வி கேட்டே தீருவது என்று, கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க, நீங்க பண்றது நல்லா இருக்குதுங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"அம்மணி! இப்பத்தானுங்க உங்க பேச்சு ஊட்ல ஓடுச்சு, நூறாயுசுங்க. சாப்டாச்சுங்களா?"

சாப்பிட்டாச்சு என்றேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன். கோழிகள் வெயில் தாங்குகின்றனவா என்று கேட்டேன். அவர் மனைவியின் முட்டிவலிக்குத் தைலம் சொன்னேன். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் புதுப்பொருள் வீடு சேர்க்கக்கூடாது, ஆவணியில் பார்க்கலாம் என்றார் அவர். "வரும்போது மத்தியானச் சோறு நம்மூட்லதானுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். காகிதம் கையிலேயே இருந்தது.

"திட்டறதுக்குன்னு வந்துபோட்டு விருந்து வெச்சுட்டுப் போற!" என்று அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆடியும் பிறந்தது. ஒரு திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து தகவல் வந்தது. வியாழக்கிழமை மெஷின் வரும், இடம் இல்லையென்றால் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். உட்கார்ந்து அழுதேன். (தரையில்தான்.) அழுதுகொண்டே தினசரி காலண்டரை நிமிர்ந்து பார்த்தேன். புதன்கிழமை அமாவாசை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, சொல்லாம இருக்க மனசு கேக்கலீங்க. பணங்குடுத்த பொருள் அடுத்தவங்க ஊட்ல மூணு அமாவாசை பாத்துருச்சுன்னா, அந்த ஊட்டுப் பீடையெல்லாம் பொருளோடவே வந்துருமுங்க. வைகாசி ஒண்ணு, ஆனி ஒண்ணு, நாளான்னைக்கு மூணாவதுங்க."

அவர் அங்கே கோழிகளை அதட்டி விரட்டுவது கேட்டது.

"எங்க பக்கம் அப்படி ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களே?"

"கொடுமுடிப் பக்கம் ரொம்பப் பாப்பாங்க." (நான் கொடுமுடிக்குப் போனதே இல்லை.)

"உங்கூட்ல பீடை கீடைன்னு ஏதாச்சும்..."

"அத ஏனுங்க கேக்கறீங்க! இவருக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு. மில்லு பூராவும் எங்கூட்ல ஜப்தின்னு பேச்சு. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

இது இரண்டும் சத்தியமான உண்மை என்பதால் குரல் நடுங்கவே இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆடி மாதம். மத்தியானம் மூன்றரை மணி, சுத்தமான ராகு காலம். வாசலில் கோழி வண்டி வந்து நின்றது. சென்னியப்பன் குதித்து இறங்கினார். நான் சமைத்து வைத்திருந்த விருந்தை வேண்டாம் என்றார், எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சோபாவை ஏற்றிக் கட்டியதும் ஒரு அட்டை முட்டையை என் கையில் கொடுத்து, "எங்க குடும்பத்தையே காப்பாத்திப்போட்டீங்க அம்மணி" என்று கும்பிட்டார். வியாழக்கிழமை மெஷின் ஓடிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. அன்றைக்கு இருந்த பெருமையில் நான் யாரையும் பார்த்து 'ங்க' போடாமல் பேசியிருப்பேன். ஆள்தான் யாரும் அகப்படவில்லை.

போன வருடம் சூலூரில் ஒரு கடையில் கட்டிலுக்குப் பணம் கட்டிவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று எடுக்காமல் விட்டிருந்தேன். கடைக்காரர் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. மூணாவது அமாவாசை வருதுங்க. பணங்குடுத்த பொருள் கடையில கெடக்கப்படாது. கொடுமுடிப் பக்கம் காலங்காலமாப் பாக்கறதுங்க இது."

பக்கத்தில் இருந்த என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதைத் தள்ளிப் போட்டாலும் "எத்தனையாவது அமாவாசை?" என்றுதான் கேட்கிறார்.

கட்டிலை அன்று சாயங்காலமே வண்டி பிடித்துக் கொண்டு வந்துவிட்டேன். எதற்குங்க வம்பு?